மே 29: ஒரு நாள், மூன்று ஆட்டங்கள்



நம் பங்குமனைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் மே 29-ஆம் நாளுக்குரிய ஏடு ஒன்று மட்டும் மூலை மடக்கப்பட்டிருக்கிறது. மடக்கியவர்கள் நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள். கோடை விடுமுறையில் ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தை அந்நாளில் வைத்துக்கொள்ள நம் இசைவைக் கேட்டு வந்திருந்தார்கள். "போன வருஷம் மாதிரி ஒண்ணும் நடக்காது சாமி" என்று அவர்களுள் மூத்தவன் உறுதி கூறினான். இரண்டு நாள் கழித்து விடை சொல்வதாகக் கூறி அனுப்பினோம். சென்ற ஆண்டு நடந்தது யாது என்பதை இக்கட்டுரையின் முடிவில் சொல்வோம். அதைச் சொல்லாமல் ஒதுங்கிச் செல்ல நமக்கு வழியில்லை; ஆதலால்தான் இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

திருச்சபையின் நாள்காட்டியில் மே 29 புனித ஆறாம் பவுலின் நினைவு நாள். நம் தாய் தந்தையர் ஆறாம் சின்னப்பர் என்று அன்போடு அழைத்த அதே திருத்தந்தைதான். அவர் இறைவனடி சேர்ந்த ஆகஸ்டு 6 ஆண்டவர் உருமாறிய விழாவாதலின், 1920-ஆம் ஆண்டு அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட மே 29 அவருக்குரிய நாளாயிற்று. கால்பந்து வரலாற்றை அறிந்தோர்க்கோ அந்நாள் வேறு மூன்று நினைவுகளைத் தரும். ஒன்று பெருமகிழ்ச்சி, ஒன்று பெருந்துயரம், மற்றொன்று மகிழ்ச்சியும் துயரமும் அடுத்தடுத்து வந்த கதை.

வெம்பிளி, 1968

முதலாவதைச் சொல்லுமுன் பத்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் குழுவை 1945 முதல் வழிநடத்தியவர் மாட் பஸ்பி என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தந்தையை முதல் உலகப் போரில் இழந்தவர். கத்தோலிக்க விசுவாசத்தில் ஊறியவர். பணத்தைக் கொட்டிப் பேர்பெற்ற ஆட்டக்காரர்களை வாங்குவதினும், பள்ளிப் பருவம் கடந்த சிறுவர்களைத் தேடிப்பிடித்து வளர்ப்பதே சிறப்பு என்று நம்பினார். ஐரோப்பியக் கோப்பைப் போட்டி தொடங்கியபோது, அதில் ஆங்கிலேயக் குழுக்கள் சேர வேண்டாம் என்பது அந்நாட்டுக் கால்பந்து லீக் பெரியோரின் விருப்பம். பஸ்பி அதைக் கேட்கவில்லை. 1956-இல் தம் இளைஞர்களை ஐரோப்பிய மைதானங்களுக்கு அழைத்துச் சென்றார்.

1958 பிப்ரவரி 5-ஆம் நாள் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரில், ரெட் ஸ்டார் குழுவோடு 3-3 என்று சமனாக ஆடி, முன்னர்ப் பெற்ற வெற்றியின் பலத்தால் அரையிறுதிக்குத் தேறினர். மறுநாள் தாயகம் திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. பனி பெய்துகொண்டிருந்தது. இருமுறை எழ முயன்று முடியாமற்போக, மூன்றாம் முறை, ஓடுபாதையில் தேங்கியிருந்த பனிச்சேற்றில் வேகம் குன்றி, வேலியை உடைத்துக்கொண்டு விமானம் நொறுங்கிற்று. மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர்கள். 21 வயதே நிரம்பிய டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடி உயிர்நீத்தார்.

பஸ்பியின் மார்பெலும்புகள் நொறுங்கியிருந்தன. பிழைப்பார் என்ற நம்பிக்கை மருத்துவர்களுக்கு இல்லை. நம் முன்னோர் அவஸ்தைப்பூசுதல் என்று கூறிய நோயிற்பூசுதல் அவருக்கு இருமுறை அளிக்கப்பட்டது. இருமுறையும் மரணத்தின் வாசலிலிருந்து மீண்டார். மீண்டவருக்கு வாழ மனமில்லை. ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றவன் நான்தானே என்ற எண்ணம் அவரை அரித்தது. கால்பந்தையே விட்டுவிட எண்ணினார். அவருடைய மனைவி ஜீன் அம்மையார், இறந்த பிள்ளைகள் உயிரோடிருந்தால் நீங்கள் தொடர்வதையே விரும்பியிருப்பார்கள் என்று எடுத்துரைத்து அவரைத் தேற்றினார். இல்லறத்தாரே, இதைக் கருதிப் பாருங்கள். எத்தனையோ மறையுரைகள் செய்ய இயலாததை ஒரு மனைவியின் சொல் செய்துவிட்டது.

அதற்கிடையே துணைப் பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபி குழுவைக் கட்டிக் காத்தார். வேல்ஸ் நாட்டுக் குழுவின் ஆட்டத்துக்காகக் கார்டிஃபில் தங்கிவிட்டதால் அந்த விமானத்தில் செல்லாது உயிர் தப்பியவர் அவர். விபத்துக்குப் பதின்மூன்று நாள் கழித்து நடந்த முதல் ஆட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் யுனைடெட் ஆட்டக்காரர்களின் பெயர்கள் அச்சிடப்பட வேண்டிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார் என்பதை எவரும் அறியார். அந்த வெற்றிடங்களை நிரப்பப் பஸ்பிக்குப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

1968 மே 29. லண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம். எதிரே போர்ச்சுகலின் பென்ஃபிகா. மியூனிக்கில் உயிர் தப்பிய இருவர் அன்று யுனைடெட் குழுவில் ஆடினர். ஒருவர், இருக்கையோடு விமானத்திலிருந்து எறியப்பட்டும் பிழைத்த பாபி சார்ல்டன். அன்று அவரே தலைவர். மற்றவர் தடுப்பாட்டக்காரரான பில் ஃபோக்ஸ். கோல் போடுவது அரிதான அவர்தாம், அரையிறுதியில் ரியல் மாட்ரிட் குழுவுக்கு எதிராக 3-3 என்று சமன்செய்த கோலைப் போட்டவர்.

இறுதியாட்டத்தில் சார்ல்டன் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் பென்ஃபிகா சமன்செய்தது. கடைசி நிமிடங்களில் யூசேபியோ தனியே பந்தோடு வந்து முழு வலுவோடு உதைத்தார். கோல் காவலர் ஸ்டெப்னி பந்தை மார்போடு அணைத்துத் தடுத்துவிட்டார். அப்போது யூசேபியோ செய்ததை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தம் குழுவின் வெற்றியைப் பறித்த அந்தக் காவலருக்கு அவர் நின்று கைதட்டினார். பின்னர்க் கூடுதல் நேரத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடங்களுக்குள் பெஸ்ட், கிட், மீண்டும் சார்ல்டன் என மூன்று கோல்கள் விழ, 4-1 என்று யுனைடெட் வென்றது. இரண்டாமவரான பிரையன் கிட்டுக்கு அன்றுதான் 19-ஆவது பிறந்தநாள். ஆங்கிலேயக் குழு ஒன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதன்முறை.

பஸ்பிக்கு அரசியார் வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தார். 1972-இல் திருத்தந்தையும் புனித கிரகோரியார் பெயரால் விளங்கும் பாப்பிறை விருதை அவருக்கு அளித்துச் சிறப்பித்தார். அந்தத் திருத்தந்தை வேறு யாருமல்லர், மே 29-க்கு உரியவரான ஆறாம் பவுலே.

பிரசல்ஸ், 1985

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அதே மே 29. அதே ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம். பெல்ஜியத் தலைநகரின் ஹெய்சல் அரங்கில் இங்கிலாந்தின் லிவர்பூலும் இத்தாலியின் யூவென்டசும் மோத இருந்தன. அரங்கு 1930-இல் கட்டப்பட்டது. சுவர்கள் பழுதுற்றுக் காரை உதிர்ந்துகொண்டிருந்தன. எக்குழுவையும் சாராத உள்ளூர் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியின் நுழைவுச்சீட்டுகள் பல, இத்தாலியக் குடும்பங்களின் கைக்குப் போயிருந்தன. அடுத்த பகுதியில் லிவர்பூல் கூட்டம். இரண்டுக்கும் இடையே இருந்தது மெல்லிய கம்பி வலை. காவலர்கள் மிகச் சிலர்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் ஏச்சும் எறிதலும் முற்றி, லிவர்பூல் ஆதரவாளர் கூட்டமொன்று வலையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. அஞ்சிய மக்கள் மறுபுறம் ஒதுங்கினர். ஒதுங்க இடமின்றி ஒருவர்மேல் ஒருவராக நசுங்கினர். இறுதியில் சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தனர். இத்தாலியர் 32 பேர், பெல்ஜியர் நால்வர், பிரெஞ்சுக்காரர் இருவர், வட அயர்லாந்தைச் சேர்ந்தவர் ஒருவர். 11 வயதுச் சிறுவன் ஒருவனும் தன் தந்தையோடு மாண்டான். காயமுற்றோர் பல நூற்றுவர்.

அதன் பிறகு நடந்ததே நம்மைப் பல நாள் உறங்கவிடாதது. ஆட்டம் நடத்தப்பட்டது! அரங்குக்கு வெளியே சடலங்கள் கிடத்தப்பட்டிருக்க, ஒன்றரை மணி நேரம் தாமதித்து ஆட்டம் தொடங்கியது. நிறுத்தினால் கூட்டம் இன்னும் வெறிகொள்ளும், வெளியே தெருக்களில் இரத்தம் ஓடும் என்று அதிகாரிகள் அஞ்சினர். அவர்கள் தீயவர்கள் அல்லர். அந்த அச்சத்துக்குக் காரணமில்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். இரு குழுத் தலைவர்களும் ஒலிபெருக்கியில் அமைதி வேண்டினர். இரண்டாம் பாதியில், எல்லைக்கோட்டுக்கு வெளியே நேர்ந்த ஒரு தவறுக்கு நடுவர் பெனால்டி வழங்க, பிளாட்டினி அதைக் கோலாக்கினார். கையை உயர்த்தி மகிழ்ந்தார். 1-0. கோப்பையை ஏந்தி ஆடினர். அந்த மகிழ்ச்சிக்காகப் பின்னாளில் வருந்தியவர்கள் அக்குழுவிலேயே உண்டு.

தண்டனைகள் வந்தன. ஆங்கிலேயக் குழுக்கள் ஐந்தாண்டுகளும், லிவர்பூல் ஆறாண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1989-இல் லிவர்பூல் ஆதரவாளர் 14 பேர் உயிர்ச்சேதம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றனர். பாய்ந்த கூட்டத்தோடு குற்றம் முடியவில்லை என்று உணர்ந்த நீதிமன்றம், பொறுப்பில் இருந்த அதிகாரிகள் சிலரையும் கவனக்குறைவுக்காகக் குற்றவாளிகளாகக் கண்டது. 2005-இல் இரு குழுக்களும் மீண்டும் சந்தித்தபோது, லிவர்பூல் மக்கள் வண்ண அட்டைகளை உயர்த்தி, நட்பு எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லை அரங்கெங்கும் எழுதிக் காட்டினர். இத்தாலியர் பலர் கைதட்டினர். சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டனர். மன்னிப்பைக் கேட்கலாம், அதை இருபது ஆண்டுகள் கழித்துங்கூட வற்புறுத்திப் பெற இயலாது.

பாரி, 1991

மூன்றாவது மே 29 இத்தாலியின் பாரி நகரில். மியூனிக் துயரத்துக்கு முந்தின நாள் யுனைடெட்டோடு ஆடிய அதே பெல்கிரேடு ரெட் ஸ்டார் குழு, 1991-இல் பிரான்சின் மார்சேய் குழுவை இறுதியாட்டத்தில் சந்தித்தது. ஆட்டம் சுவையற்றது, இரு தரப்பிலும் கோலே விழவில்லை. பெனால்டி உதைகளில், மார்சேயின் முதல் உதையையே காவலர் ஸ்டோயனோவிச் தடுக்க, ரெட் ஸ்டார் ஐந்து உதைகளையும் கோலாக்கி 5-3 என்று வென்றது.

ஆட்டத்தினும் ஆட்டக்காரர்களே நம் கருத்தைக் கவர்வார்கள். சாவிச்செவிச் மோண்டிநீக்ரோவைச் சேர்ந்தவர். வெற்றி உதையை உதைத்த பான்செவ் மாசிடோனியர். ப்ரோசினெச்கியின் தந்தை குரோவாசியர், தாய் செர்பியர். வுகோவர் நகரில் பிறந்த மிகாய்லோவிச்சுக்கோ தந்தை செர்பியர், தாய் குரோவாசியர். பல இனத்தாரும் ஒரே சட்டையை அணிந்து, ஒரே கோப்பையை ஏந்தி நின்றனர். அதன்பின் 27 நாளில், ஜூன் 25-இல், சுலோவேனியாவும் குரோவாசியாவும் தனி நாடுகளாகப் பிரிவதாக அறிவித்தன. போர் மூண்டது. நவம்பரில் வுகோவர் நகரம் இடிபாடுகளாய்க் கிடந்தது. அடுத்த பருவத்தில் ஐரோப்பிய வெற்றிக் குழு தன் சொந்த மண்ணில் ஆட இயலாமல், ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் மைதானம் தேடி அலைந்தது.

அந்நாளில் நாம் குருமடத்து மாணவர். மே 21-இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொடுமையால் நாடே நடுங்கியிருந்த வாரம் அது. நாம் பார்த்த நாளேட்டின் பக்கங்களெல்லாம் அத்துயரமே நிறைந்திருக்க, பாரியின் முடிவு ஒரு மூலையில் நான்கு வரிகளாக வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, ஒரு பந்து இத்தனை இனங்களை இணைத்துவிட்டதே என்று நண்பர்களிடம் வியந்து பேசினோம். இணைக்கவில்லை என்பதை அறிய ஒரு திங்கள்கூட ஆகவில்லை. பந்து மனிதரை ஓரிடத்தில் கூட்டும். கூடிய பின் அண்டை வீட்டானை நேசிப்பதா, அடிப்பதா என்பதைப் பந்து முடிவு செய்யாது.

நம் மைதானம்

இனி நம் கதைக்கு வருவோம். சென்ற ஆண்டு மே மாதம். நம் பங்கின் இறுதியாட்டத்தில் மோதியவை வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும். அவற்றிடையே உள்ள மனத்தாங்கல் நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையர் காலத்தது. இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. கூட்டம் முன்னோக்கிப் பாய்ந்தது. நாம் மேற்பார்வையிட்டுச் சரியென்று சொல்லியிருந்த மூங்கில் தடுப்பு முறிந்து, கடல் தொழிலிலிருந்து ஓய்ந்த முதியவர் ஒருவர் அதனடியில் வீழ்ந்தார். தொடையெலும்பு முறிந்தது. இரண்டு பிள்ளைகள் அவரை ஆட்டோவில் ஏற்றிச் சென்றார்கள்.

நடுவர் ஊதலை வாயருகே வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தார். நாம் கூட்டத்தைப் பார்த்தோம். இப்போது நிறுத்தினால் இரு தெருவும் கைகலந்துவிடும் என்று நினைத்தோம். "நடக்கட்டும்" என்று கையசைத்தோம். ஆட்டம் நடந்தது. கோப்பையை நாமே வழங்கினோம். நிழற்படத்துக்குச் சிரித்து நின்றோம். மறுநாள் மாலைத் திருப்பலி முடிந்த பின்னரே ஆறு ஆப்பிள் பழங்களோடு மருத்துவமனைக்குச் சென்றோம்.

"வாங்க சாமி" என்று அந்தப் பெரியவர் எழ முயன்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "நேத்து ராத்திரியிலேருந்து மைதானத்துப் பக்கமிருந்து ஒருத்தரும் வரல்லே. கோப்பை யாருக்குன்னுகூடத் தெரியல்லே. யாரு ஜெயிச்சா சாமி?" அவர் குரலில் குறையில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அந்த வினாவுக்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை.

எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்களுள் முதலாமவர் ஒரு குரு. அவருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். ஹெய்சல் அதிகாரிகளுக்கு ஒரு நியாயம் இருந்தது. நமக்கும் ஒன்று இருந்தது. நியாயங்களோடு கூடவே விலகிப் போகலாம் என்பதை நாம் கற்றுக்கொண்ட நாள் அது. இந்த ஓராண்டாக நல்ல சமாரியர் உவமையை மேடையில் விளக்கும்போதெல்லாம் நம் குரல் சற்றே தாழ்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகளை அழைத்து மூன்று நிபந்தனைகள் சொன்னோம். முதலாவது, மூங்கில் வேண்டாம். சவுக்குக் கம்புகளை ஆழ நட்டு, கோட்டிலிருந்து பத்தடி தள்ளித் தடுப்பு அமைக்க வேண்டும். ஊரிலுள்ள தச்சர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டுமே ஆட்டம். இரண்டாவது, எவருக்கேனும் அடிபட்டால் நடுவர் யாருடைய முகத்தையும் பாராமல் உடனே ஊத வேண்டும். அடிபட்டவர் மருத்துவமனை சேர்ந்த செய்தி வரும்வரை பந்து உருளலாகாது. சாமியார் கையசைத்தாலும் உருளலாகாது. இவ்விரண்டையும் தயங்காமல் ஏற்றார்கள். மூன்றாவது, தெருவுக்கொரு குழு என்பதை விட்டு, இரு தெருப் பிள்ளைகளையும் கலந்து குழுக்களை அமைக்க வேண்டும் என்பது. இதற்கு மட்டும் அமைதி நிலவிற்று. கடைசியில் ஒரு சிறுவன், "அப்ப நாங்க யாருக்குச் சாமி கை தட்டுறது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். யூசேபியோவின் கதையை அவனுக்குச் சொன்னோம். முடிவு இன்னும் ஆகவில்லை. கலந்த சட்டை மட்டும் போதாது என்பதைப் பெல்கிரேடு காட்டியிருப்பதால், நாமும் வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்று, ஓராண்டு தாமதமாக, மன்னிப்புக் கேட்டோம். திண்ணையில் கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். "அதுக்கென்ன சாமி, கால்தான் கூடிட்டுதே" என்றார். சிறிது நேரம் கழித்து, "உட்கார நாற்காலி ஒண்ணு போட்டா இந்த வருஷமும் வருவேன்" என்றார். அந்த நாற்காலியைப் பங்குமனையிலிருந்து நாமே தூக்கி வந்து போடுவதாக வாக்களித்திருக்கிறோம்.

மே 29 காலைத் திருப்பலியை மியூனிக்கில் மாண்ட 23 பேருக்காகவும், ஹெய்சலில் மாண்ட 39 பேருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். வாசகக் குடும்பங்களே, அன்று மாலைச் செபத்தில் நீங்களும் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் பந்தோடு வீடு திரும்பும்போது, "யார் வென்றார்கள்?" என்று கேட்குமுன், "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேளுங்கள்.